ஏன் சேர்ந்து போகிறோம்? எல்லையோரப் பயணிகளுக்கு ஒரு பேச்சு

(ஓசூரில் தொழிற்சாலைப் பணியாளர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)



முதல்ல ஒரு கேள்வி. இன்னைக்குக் காலையில் வேலைக்கோ காலேஜுக்கோ கிளம்பும்போது, முன்பின் தெரியாத ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவங்க எத்தனை பேர்? பஸ்ஸைக் கேட்கலைங்க. ஷேர் ஆட்டோ, கார், வேன், ஆப்பில் புக் பண்ணின வண்டி, இதெல்லாம். கையைத் தூக்குங்க பார்ப்போம். இதை மொபைலில் படிச்சுக்கிட்டிருக்கிற நீங்க, மனசுக்குள்ளே தூக்கினா போதும்.

பாருங்க, பாதிக்கு மேலே கை தூக்கியாச்சு. இப்போ அடுத்த கேள்வி. நீங்க வந்த வண்டியோட நம்பர் ஞாபகம் இருக்கிறவங்க?

ரெண்டு கை. இல்லை, மூணு.

இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கோடு ஒன்று, வாழ்க்கை ஒன்று

ஓசூரில் இருந்து ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. ஏழெட்டு கிலோமீட்டரில் மாநிலமே மாறிவிடுகிறது. ஆனால் நம்முடைய வேலை, வீடு, காலேஜ், ஆஸ்பத்திரி எதுவும் அந்தக் கோட்டைப் பார்த்து அமையவில்லை. 1970களில் இங்கே சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. இப்போது மின்சார ஸ்கூட்டர் ஆலைகள், கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், அந்தப் பக்கம் போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக். கோட்டுக்கு அப்பால் பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. இங்கே தங்கி அங்கே போகிறவர்கள் உண்டு. அங்கே தங்கி இங்கே வருகிறவர்களும் உண்டு. காலை ஏழு மணிக்கு நெடுஞ்சாலை 44-ல் நின்று பார்த்தால், எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று சொல்வது கஷ்டம்.

2025 ஆகஸ்ட் 10-ல் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டில் இருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 16 நிலையங்கள். அதற்குப் பிறகு பெங்களூருக்குப் போகிற நம்ம ஊர் ஆட்களுடைய கேள்வியே மாறிவிட்டது. முன்பு 'பெங்களூருக்கு எப்படிப் போறது?' என்று கேட்டார்கள். இப்போது 'பொம்மசந்திரா வரைக்கும் எப்படிப் போறது?' என்று கேட்கிறார்கள். ஓசூருக்கும் பொம்மசந்திராவுக்கும் நடுவில் சுமார் 20 கிலோமீட்டர். மெட்ரோவை ஓசூர் வரை நீட்டிக்க முடியுமா என்று ஆய்வு நடந்தது உண்மைதான். ஆனால் நாளைக்குக் காலை எட்டரை மணிக்கு உங்களை அங்கே கொண்டுபோய் விட ஆய்வறிக்கையால் முடியாது. அந்த 20 கிலோமீட்டரைப் பஸ், ரயில், டூவீலர், இல்லையென்றால் பகிர்வு வண்டியில்தான் கடக்கிறோம்.

காசுக்காகத்தானா?

ஏன் ஷேர் வண்டியில் போறீங்க என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் சட்டென்று சொல்கிற பதில், 'காசு கம்மி சார்' என்பதுதான். கணக்கும் எளிது. ஒரு காருக்கு 600 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் பங்கிட்டால் தலைக்கு 150. எல்லை தாண்டிப் போகிற வாடகைக் காரில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. உங்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பி வர வேண்டியிருக்கும் என்பதால், அந்தத் திரும்பும் தூரத்தையும் சேர்த்துத்தான் கட்டணம் சொல்கிறார்கள். தனியாகப் போகிறவருக்கு அது முழுச் சுமை. நாலு பேராகப் போனால் அதுவும் நாலாகப் பிரிந்துவிடுகிறது.

சரி, காசு மட்டும்தான் காரணம் என்றால் ஒரு விஷயம் புரியாது. 2021 மே மாதத்தில் இருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விடியல் பயணம் திட்டம். அப்படி இருந்தும், சிப்காட் போகிற பல பெண்கள் சில நாட்களில் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார்களே, ஏன்?

இதை என் பெரியம்மா மகள் அக்காவிடமே கேட்டேன். அவங்க இங்கே ஒரு ஆலையில் வேலை பார்க்கிறாங்க. அவங்க சொன்ன பதில்: "பஸ்ஸு ஃப்ரீதான்டா தம்பி. லேட்டு ஃப்ரீ இல்லியே."

அவ்வளவுதான் விஷயம். ஆறு மணி ஷிஃப்டுக்கு 6.10-க்குப் போய் நின்றால், அன்றைய சம்பளத்தில் கை வைக்கிற இடங்கள் உண்டு. மாதத்தில் மூணு தடவை தாமதமானால் வருகைப் படி போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகைக்கு முன்னால் ஷேர் ஆட்டோவின் காசு பெரிசாகத் தெரியாது. அதனால் பகிர்வுப் பயணத்தில் நாம் வாங்குவது சீட்டை மட்டும் இல்லை. 'இத்தனை மணிக்குள் போய்விடுவேன்' என்கிற உறுதியையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

இரண்டாவது காரணம், இறங்கும் இடம். பஸ் மெயின் ரோட்டில் விடும். ஆலை கேட் உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். இருட்டில் அந்த ஒன்றரை கிலோமீட்டரை நடக்க வேண்டியவருக்கு அது தூரக் கணக்கு இல்லை, பயக் கணக்கு.

மூன்றாவது, இந்த மண்ணுக்கே உரிய காரணம்: எல்லை. தமிழ்நாட்டு ஆட்டோ பெரும்பாலும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். விடியல் பயணம் நம் மாநிலப் பேருந்துக்கு. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-ல் தொடங்கிய 'சக்தி' திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்கு. ஓசூர் முகவரியில் ஆதார் வைத்திருக்கிற ஒரு பெண் அத்திப்பள்ளியில் பஸ் மாறினால் அங்கே டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். ஆக, எல்லையில் ஒரு இறக்கம், ஒரு காத்திருப்பு, ஒரு புதுக் கட்டணம். நேராக அந்தப் பக்கம் போய் இறக்கிவிடுகிற வண்டி கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நான்காவது காரணம் டூவீலர் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். 10 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, லாரிகளுக்கு நடுவில் 25 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வீட்டுக்கு வருவது லேசு இல்லை. ஒரு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடுவதற்காகவே காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் ஹேண்டிலைப் பிடிப்பதை விட அது நல்ல முடிவு.

நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் இருந்து பெங்களூருக்கு ரயில்கள் உண்டு. உங்கள் ஷிஃப்ட் நேரமும் ரயில் நேரமும் ஒத்துப்போனால், அதை விட மலிவும் வசதியும் வேறு எதிலும் இல்லை. முதலில் அதைப் பாருங்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்காரர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. மாவட்டத் தலைநகராக இருந்தும் அங்கே ரயில் நிலையம் கிடையாது. அதனால்தான் அந்தப் பக்கம் வேன், கார் பகிர்வு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இது புதுசு இல்லை

ஆப் வந்த பிறகுதான் பகிர்வுப் பயணம் வந்தது என்று நினைக்காதீர்கள். ஸ்மார்ட்போனுக்கு ரொம்ப வருஷம் முன்னாலேயே, 1914-ல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் கார் வைத்திருந்தவர்கள் டிராம் நிறுத்தத்தில் நின்றவர்களைத் தலைக்கு ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு ஏற்ற ஆரம்பித்தார்கள். 'ஜிட்னி' என்று பெயர். சில மாதங்களிலேயே ஊர் ஊராகப் பரவியது. நகராட்சிகள் உரிமம் கேட்டன, விபத்து நடந்தால் இழப்பீடு தருவதற்குப் பிணைத்தொகை கட்டச் சொன்னன. பெரும்பாலான ஜிட்னிகள் அதோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டன. துருக்கியில் இப்படிப் பகிர்ந்து ஓடும் வண்டிக்கு 'டோல்முஷ்' என்று பெயர். நிறைந்தது என்று அர்த்தம். நம்ம ஊரில் 'ஆள் ஏறினா கிளம்பிடலாம்ணா' என்கிறார்களே, அதேதான்.

நம் பக்கத்துக்கு வந்தால், 2015-ல் ஊபர் பூல், ஓலா ஷேர் இரண்டும் பெங்களூரில் அறிமுகமாயின. ஒரே திசையில் போகிறவர்களை ஆப் கண்டுபிடித்து ஒரே காரில் சேர்த்துவிடும். கட்டணம் குறைவு. ஐ.டி. ஊழியர்கள் அதை வரவேற்றார்கள். ஆனால் 2017 தொடக்கத்தில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஒரு கேள்வி எழுப்பியது. டாக்ஸிக்குக் கொடுக்கப்படுவது மொத்த வண்டியையும் ஒரே ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுவதற்கான பர்மிட். வழியில் ஒருவரை ஏற்றி, ஒருவரை இறக்கி, தனித்தனியாகக் காசு வாங்குவது பேருந்துக்கான பர்மிட்டின் வேலை. டாக்ஸி இதை எப்படிச் செய்யலாம்? இதுதான் கேள்வி.

வண்டி ஓட்டுகிற அண்ணன்களுக்கும் அதில் குறை இருந்தது. ஒரு பயணி வந்து நிற்க மாட்டார், அதற்குள் இன்னொருவர் 'எல்லித்தீரா?' என்று கன்னடத்தில் போன் மேல் போன் போடுவார். வண்டி சுற்றிச் சுற்றிப் போகும், நேரமும் டீசலும் போகும். பயணிக்கும் எரிச்சல், டிரைவருக்கும் எரிச்சல். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இரண்டு நிறுவனங்களும் அந்தச் சேவையை நிறுத்தின.

அதே 2020 நவம்பரில் மத்திய அரசு வாகன ஒருங்கிணைப்பு நிறுவனங்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பகிர்வுப் பயணத்துக்கு அதில் இடம் கொடுக்கப்பட்டது. ஆனால் சில நிபந்தனைகளோடு. பயணிகள் ஒவ்வொருவருடைய அடையாள விவரமும் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். ஒரே வழியில் போகிறவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஆப் வழியாகத் தனி ஒப்பந்தம் பதிவாக வேண்டும். பெண் பயணி விரும்பினால் பெண்களோடு மட்டும் பகிர்ந்துகொள்ளும் வசதி தர வேண்டும். சொந்தக் காரில் மற்றவரை ஏற்றிக்கொள்வதற்கும், மாநில அரசு தடை செய்யாத பட்சத்தில், அளவு வைத்து அனுமதி: ஊருக்குள் ஒரு நாளைக்கு நாலு பயணம், ஊர் விட்டு ஊர் என்றால் வாரத்துக்கு இரண்டு. ஏறுகிறவருக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு.

2025 ஜூலையில் இந்த வழிகாட்டுதல்கள் புதுப்பிக்கப்பட்டன. இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவருவது மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. அதனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நடைமுறையும் அந்தப் பக்கம் வேறு நடைமுறையும் இருக்கலாம். ஆனால் எல்லா விதிகளுக்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றுதான்: யார், யாரோடு, எந்த வண்டியில், எப்போது போனார்கள் என்பதற்கு ஒரு தடம் இருக்க வேண்டும்.

அந்தத் தடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

என் ஃபைல் போன கதை

இதழியல் படிப்பு முடித்த வருஷம். பெங்களூரில் ஒரு இன்டர்வியூ. சாயங்காலம் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே நிற்கிறேன். வந்த பஸ்ஸில் எல்லாம் கால் வைக்க இடம் இல்லை. ஆப்பைத் திறந்தால், அது காட்டின தொகையைப் பார்த்து உடனே மூடிவிட்டேன். அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. 'ஓசூர், ஓசூர், ஓசூர்... நூறு ரூபா.' ஏற்கெனவே மூணு பேர் உள்ளே. யோசிக்கவே இல்லை, ஏறிவிட்டேன். என் ஃபைலைப் பின்சீட்டுக்கு மேலே, கண்ணாடி ஓரம் வைத்தேன். டிகிரி சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், எல்லாமே அசல்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இறங்கினேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, காசைக் கொடுத்துவிட்டு அவசரமாக ரோட்டைக் கடந்தேன். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்க்கும்போதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. கார் போய்விட்டது.

நம்பர் தெரியாது. டிரைவர் பெயர் தெரியாது. போன் நம்பர் இல்லை. காசும் ரொக்கமாகக் கொடுத்திருந்தேன், அதனால் யூ.பி.ஐ. பதிவும் இல்லை. எனக்கு ஞாபகம் இருந்தது வெள்ளைக் கார், பின் கண்ணாடியில் ஒரு சாமி ஸ்டிக்கர். அப்படிப்பட்ட கார் இந்த நெடுஞ்சாலையில் எத்தனை ஓடும், நீங்களே சொல்லுங்க! அடுத்த ஐந்து நாள் சாயங்காலம் அதே மேம்பாலத்துக்குக் கீழே போய் நின்றேன். அந்தக் கார் வரவே இல்லை.

அந்த டிரைவர் கெட்டவர் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. ஒருவேளை அவரும் என்னைத் தேடியிருப்பார். என்னைக் கண்டுபிடிக்க அவருக்கும் வழி இல்லை. அவரிடமும் என் தடம் இல்லை.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான புகாரை வீட்டில் இருந்தே பதியலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பதிவை வைத்துத்தான் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். கைக்கு வர மாதங்கள் ஆயிற்று. முதல் வேலையில் சேரும் நாளில் அசல் சான்றிதழைக் காட்ட முடியாமல் அவகாசம் கேட்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அப்பா என்னைத் திட்டவில்லை. "நூறு ரூபாய்க்கு ஏறினியே, ஃபைலோட போச்சு. வண்டி கவுந்திருந்தா உன்னை எங்கேன்னுடா போய்த் தேடுறது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வெள்ளை பலகை, மஞ்சள் பலகை

அப்பா கேட்டது ஃபைலை விடப் பெரிய கேள்வி. வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி. மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. மின்சார வண்டிகளுக்குப் பச்சைப் பலகை. அதில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி. கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டி.

சொந்த வண்டிக்கான காப்பீட்டில், வாடகைக்கு ஆள் ஏற்றுவதற்கு அந்தப் பாலிசி செல்லாது என்று ஒரு வரி இருக்கும். தலைக்கு நூறு ரூபாய் வாங்கி ஏற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் அந்த வரியைக் காட்டித் தகராறு செய்யலாம். அப்புறம் இழப்பீட்டுக்கு உங்கள் குடும்பம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமும் சிறைத்தண்டனையும் உண்டு. அது வண்டிக்காரருக்கான தண்டனை. உங்களுக்கான தண்டனை, காப்பீடு இல்லாத சீட்டில் உட்கார்ந்திருப்பது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் நாலு நண்பர்கள் ஒருவருடைய காரில் போய், பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொள்வது வேறு. தெரியாத ஆட்களை ரோட்டில் கூவிக் கூப்பிட்டு ஏற்றுவது வேறு. முதலாவதில் ஒருவருக்கொருவர் பேர் தெரியும், வீடு தெரியும்.

ஏறும் முன் ஒரு நிமிஷம்

ஸ்மார்ட்போன் எல்லார் கையிலும் இருக்கு. அதை வைத்து ஏறும் முன் ஒரே நிமிஷத்தில் செய்யக்கூடியவை இவை:

முதலாவது, நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கோ நண்பருக்கோ அனுப்புங்கள். ஆப் வண்டி என்றால், ஆப்பில் காட்டும் நம்பரும் வந்து நிற்கிற வண்டியின் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு வண்டி வந்திருந்தால், 'அந்த வண்டி சர்வீஸுக்கு விட்டிருக்கு சார்' என்று சொன்னாலும் ஏறாதீர்கள்.

இரண்டாவது, எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால், அது எந்த வகை வண்டி, காப்பீடும் தகுதிச் சான்றும் எப்போது வரை செல்லும் என்பது தெரியும். தினமும் போகிற வண்டி என்றால் மாதம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, ஆப்பில் புக் பண்ணிவிட்டு, 'கேன்சல் பண்ணிடுங்க, நேரா காசு கொடுங்க' என்று டிரைவர் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கேன்சல் செய்த அந்த நொடியில் பயணத்தின் பதிவு நின்றுவிடுகிறது. இருபது முப்பது ரூபாய் மிச்சம் ஆகும். உங்கள் தடம் அழிந்துபோகும்.

நான்காவது, ரொக்கமாகக் கொடுப்பதை விட யூ.பி.ஐ.யில் கொடுப்பது நல்லது. அதுவும் ஒரு ரசீதுதான். எனக்கு அன்றைக்கு அந்த ஒரு ரசீது இருந்திருந்தால் இந்தக் கதையை உங்களிடம் சொல்ல வேண்டி வந்திருக்காது.

ஐந்தாவது, பர்மிட்டில் இருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுகிற வண்டியில் ஏறாதீர்கள். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று சொல்வார்கள். டிரைவர் சீட்டில் அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால், வளைவில் அட்ஜஸ்ட் பண்ண வேண்டியது ஸ்டீயரிங்.

ஆபத்து என்றால் 112. பெண்களுக்கு 181. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் போதவில்லை, குறிப்பிட்ட நேரத்தில் வருவதில்லை, தெருவிளக்கு இல்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் சொல்லலாம். சொல்லத் தயங்காதீர்கள். ஷேர் வண்டியைத் தேடி ஓட வேண்டிய நிலை ஏன் வருகிறது என்பது அந்தப் புகார்கள் வழியாகத்தான் துறைக்குத் தெரியவரும்.

விபத்து நடந்துவிட்டால், தமிழ்நாட்டு எல்லைக்குள் 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணம் இல்லாமல் சிகிச்சை. எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்தாலும் பயப்பட வேண்டாம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது.

நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்களை இரவு ஷிஃப்டில் வேலைக்கு வைக்கலாம் என்று 2000-ம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, போக்குவரத்து ஏற்பாடு உள்ளிட்ட நிபந்தனைகளோடுதான் சொன்னது. கேட் வரைக்கும் அழைத்து வருவதோடு அந்தப் பொறுப்பு முடிவதில்லை. வீடு இருக்கிற தெரு வரை அது நீள வேண்டும்.

ஒரு 'ம்'

கடைசியாக, என் அக்கா கதைக்கு வருகிறேன். ரெண்டாவது ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் அவங்க வெளியே வருவாங்க. அவங்களோட சேர்ந்து மூணு பெண்கள், மொத்தம் நாலு பேர். ஒருத்தர் தமிழ், ஒருத்தர் வீட்டில் தெலுங்கு, ஒருத்தர் கன்னடம், இன்னொருத்தர் ஒடிசாவில் இருந்து வந்தவர். நாலு பேரும் சேர்ந்து மஞ்சள் பலகை வண்டி ஒன்றை மாத வாடகைக்குப் பேசியிருக்காங்க. வண்டிக்காரரின் லைசென்ஸ், வண்டியின் பர்மிட், காப்பீடு மூன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு வச்சிருக்காங்க. டிரைவர் அண்ணனுக்கு உடம்பு முடியாமல் வேற ஆள் வருவதாக இருந்தால், அவரோட லைசென்ஸ் போட்டோ முதலில் குழுவுக்கு வரணும். அது வராமல் வண்டியில் யாரும் ஏற மாட்டாங்க.

"அண்ணனுக்குக் கோபம் வராதாக்கா?" என்று கேட்டேன்.

"முதல் நாள் வந்துச்சு. அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குடா. அப்புறம் அவரே ஒவ்வொரு வருஷமும் இன்சூரன்ஸ் புதுப்பிச்ச உடனே எங்களுக்கு அனுப்பிடுறாரு" என்றாங்க.

கடைசியாக இறங்குவது ஒடிசாப் பெண். வண்டியில் அவர் தனியாக இருக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் எல்லாருக்கும் கவலை. அதனால் ஒரு பழக்கம் வச்சிருக்காங்க. வீட்டுக்குள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டதும் அந்தப் பெண் குழுவில் ஒரே எழுத்து போடணும்: 'ம்'. தமிழில் அவர் முதலில் எழுதக் கத்துக்கிட்டது அந்த எழுத்துதான். அது வரும் வரைக்கும் மத்த மூணு பேரும் தூங்குறதில்லை. ஒரு நாள் வர லேட் ஆனப்போ, அக்கா அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாங்க, எடுக்கலை. டிரைவருக்குப் போட்டாங்க. 'இறங்கிட்டாங்கம்மா, உள்ளே போனதைப் பார்த்துட்டுத்தான் கிளம்பினேன்' என்றார். அப்புறம் தெரிந்தது, போனில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் அந்த ராத்திரி மூணு வீட்டில் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தது.

காசைப் பங்கிடத்தான் நாலு பேரும் சேர்ந்தாங்க. இப்போ ஒருத்தர் பத்திரமா வீடு சேர்வதை மத்த மூணு பேரும் பங்கிட்டுக்கிறாங்க.

நாளைக்குக் காலையிலும் நீங்கள் யாரோ ஒருவரோடு சேர்ந்துதான் போகப் போகிறீர்கள். தாராளமாகப் போங்கள். ஏறும் முன் நம்பரைப் பாருங்கள், பதிவு இருக்கிற வண்டியில் ஏறுங்கள், போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு 'ம்' அனுப்புங்கள்.

அடுத்த தடவை இதே இடத்தில் நான் வண்டி நம்பரைக் கேட்கும்போது, மூணு கைக்கு மேல் தூக்கினால் எனக்குச் சந்தோஷம்.